புரட்டாசி ஞாயிறில் ஒரு மீன் குழம்பு

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. யார் டப்பாவைத் திறந்தாலும் முதலில் எட்டிப் பார்ப்பது நான்தான். சிறுசேரியில் எங்கள் கம்பெனியின் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நாள் முழுக்க யாரும் யாரிடமும் உண்மையைப் பேசுவதில்லை. மீட்டிங்கில் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள், எல்லா வேலையும் நேரத்துக்கு முடிந்துவிடும். டப்பாவின் மூடியைக் கழற்றினால்தான் அவரவர் வீடு வெளியே வரும்.

என் பக்கத்து இருக்கைக்காரன் கல்யாணமான புதிதில் அடுக்குக் கேரியர் கொண்டுவருவான். கூட்டு, பொரியல், தனியாக ஒரு கிண்ணத்தில் வற்றல். ஒருநாள் திடீரென்று லெமன் சாதமும் பாக்கெட் சிப்ஸும் ஆனது. "என்னப்பா, தனிக்குடித்தனம் போயாச்சா?" என்றேன். "உங்களுக்கு யாரு சொன்னதுக்கா?" என்று திருதிருவென்று விழித்தான். யார் சொல்ல வேண்டும்? இத்தனை நாளும் கேரியர் கட்டியது அவனுடைய அம்மா என்பது அந்தச் சிப்ஸ் பாக்கெட்டிலேயே எழுதியிருந்தது. எங்கள் மேனேஜர் அம்மாள் ஊரையே அதட்டுகிற ஆள். அவர் டப்பாவில் பெரும்பாலும் பிள்ளைகள் கடித்து மிச்சம் வைத்த தோசைதான் சுருண்டு கிடக்கும். அதைப் பார்த்தபிறகு அவர் என்னைத் திட்டினால் எனக்குக் கோபம் வருவதில்லை.

இதை ஒரு பெரிய சாமர்த்தியமாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வீட்டு அடுப்பைப் பற்றித் துப்பறிந்துகொண்டிருந்தவளுக்கு, அம்மா வீட்டு அடுப்பைப் பற்றித் துப்பறிய என்ன இருக்கிறது என்ற எண்ணம். தினமும்தான் போனில் கேட்கிறேனே.

அம்மாவும் அப்பாவும் இரும்புலியூரில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருந்தார்கள். நான் ஒரே பிள்ளை. கல்யாணமாகிக் கேளம்பாக்கத்துக்கு வந்துவிட்டேன். கூப்பிடு தூரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வண்டலூர் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஊர்ந்து போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும். அதனால் வார நாட்களில் போன்தான். ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கூப்பிடுவேன். எங்கள் குடும்பத்தில் போனை எடுத்தால் ஹலோ கிடையாது. "சாப்ட்டீங்களா?" என்பதுதான் ஹலோ. சாயங்காலம் ஆறரை மணிக்கு யார் சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்து படுத்தபிறகு போனை அப்பா எடுக்க ஆரம்பித்தார். சமையலும் அவர் கைக்குப் போனது. அம்மா கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல, இவர் உப்பும் புளியும் போட்டுக் கற்றுக்கொண்டார். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னது ஒன்றுதான். எவ்வளவு முடியுமோ அவ்வளவு சாப்பிட வையுங்கள், உடம்பு தாங்கும் வரை தாங்கட்டும். அதனால் என் கேள்வி "அம்மா சாப்ட்டாங்களாப்பா?" என்று மாறியது. "ரெண்டு இட்லி சாப்ட்டாம்மா." "ரசம் சாதம், குழைய வடிச்சுக் குடுத்தேன், சாப்ட்டா." சனி ஞாயிறுகளில் போனால், நான் வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்ததாகச் சொல்லிவிட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். கை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. இவ்வளவு சாப்பிட்டுமா என்று நோயின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

தை மாதம் அம்மா போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் அப்பாவை எங்களோடு வரச் சொன்னேன். "பாக்கலாம்மா" என்றார். அவர் பாஷையில் அதற்கு முடியாது என்று அர்த்தம். பழையபடி ஆறரை மணிப் போன் தொடர்ந்தது; அம்மா இல்லாத வீட்டுக்குள் போக மனம் வராமல் சனி ஞாயிறும் போனோடு நின்றது. "சாப்ட்டீங்களாப்பா?" என்பேன். திங்கட்கிழமை என்றால் முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல். செவ்வாய், வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். வியாழன், கீரைக் கடைசல். சில சமயம் உப்பு கூடிவிட்டது என்பார், சில சமயம் அப்பளம் தீய்ந்துவிட்டது என்பார். எனக்குப் பெருமை தாங்காது. "எங்கப்பாவைப் பாருங்க, நீங்களும் இருக்கீங்களே" என்று என் கணவரை வேறு குத்திக்காட்டுவேன். அவர் அன்று வெங்காயம் நறுக்கித் தந்துவிட்டு நைசாக நழுவிவிடுவார்.

புரட்டாசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து வழக்கம்போலக் கேட்டேன்.

"ஆச்சும்மா. சங்கரா மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல்."

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டைகூட உள்ளே வராது. மாதம் பிறப்பதற்கு முந்தின நாளே அம்மா மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, பழைய பேப்பரில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவாள். அப்பா கோயில் குளம் என்று அலைகிறவர் இல்லை. ஆனாலும் புரட்டாசிச் சனிக்கிழமை நாமம் போடாமல் காபி குடித்ததில்லை. அவர் புரட்டாசியில் மீன் வாங்கினார் என்றால் நான் நம்பமாட்டேன்.

முதலில் ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்தேன். போனை வைத்துவிட்டு யோசித்தபோது இன்னொன்று உறைத்தது. முருங்கைக்காய் சாம்பார், வத்தக்குழம்பு, கீரை, ஞாயிறு மீன். கிழமை தவறாமல் அது அம்மாவின் சமையல் வரிசை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மாறாத வரிசை. அப்பா சமைத்துக்கொண்டிருக்கவில்லை. ஒப்பித்துக்கொண்டிருந்தார். புரட்டாசி வந்துவிட்டது என்று ஞாபகப்படுத்த வீட்டில் ஆள் இல்லாததால் ஒப்பித்தது மாட்டிக்கொண்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வீடு பூட்டியிருந்தது. என்னிடம் சாவி உண்டு. திறந்து நேராக அடுப்படிக்குத்தான் போனேன். அடுப்பு துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவில் கட்டி தட்டியிருந்தது. அரிசி டப்பாவுக்குள் கையை விட்டேன், வண்டு ஊர்ந்தது. ஃப்ரிட்ஜில் ஒரு பால் பாக்கெட்டும் மாத்திரை அட்டைகளும் இருந்தன. நடு அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதேன். அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக இருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

தெருமுனை பேக்கரிக்காரருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்துகினு இருப்பாருக்கா. இப்ப வந்துடுவாரு. அவரு டைம்தான் இது."

"என்ன டைம்?"

"டீ டைம். காலைல ஒரு டீ, ஒரு பன்னு. சாயங்காலமும் அதான். இன்னா சார், வூட்ல சமைக்கலயான்னு கேட்டா சிரிச்சிகினே பூடுவாரு. அம்மா இருந்தப்ப, கடைசில, அப்பவே இப்டிதான்க்கா."

அவர் சொல்லி முடிக்கும்போது அப்பா வந்துவிட்டார். பேன்ட்டை பெல்ட்டால் இறுக்கிப் பிடித்துக் கட்டியிருந்தார், இடுப்பில் துணி கொசுவம் கொசுவமாக நின்றது. என்னைப் பார்த்தார், பேக்கரிக்காரரைப் பார்த்தார். எதையும் மறுக்கவில்லை. "நீ டீ குடிக்கிறியாம்மா?" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். கோபத்தில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். கடைக்குப் போய்ப் புது அரிசி வாங்கிவந்து சோறு வடித்து, ரசம் வைத்து, உருளைக்கிழங்கு வறுத்து, தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு கவளம் எடுத்தார். கை பாதியில் நின்றது, தட்டுக்கே திரும்பியது.

"ஒரு வாய்ப்பா," என்றேன்.

தட்டை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினேன்.

"எனக்காக ஒரே ஒரு வாய்."

அப்பா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா படுத்திருந்த கட்டில்.

"நானும் இதேதாம்மா சொன்னேன் அவகிட்ட," என்றார். "எனக்காக ஒரு வாய், புள்ளைக்காக ஒரு வாய்."

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசி மாதங்களில் அம்மாவுக்கு எதுவும் இறங்கவில்லை. வேண்டாங்க, வேண்டாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். தாளிக்கிற வாசனைக்கே குமட்டியதால் அவர் தனக்கென்று சமைப்பதை விட்டுவிட்டு பேக்கரிக்குப் போக ஆரம்பித்தார். அவளுக்கு மட்டும் இட்லி, கஞ்சி, குழைந்த சோறு. அதை எப்படியாவது உள்ளே அனுப்பிவிட வேண்டும் என்று நின்றிருக்கிறார்.

"நீ ஆறரைக்குப் போன் பண்ணுவ. சாப்ட்டாங்களான்னு கேப்ப. இல்லன்னு எப்படிம்மா சொல்றது? பஸ்ஸுல களைச்சுப் போய் வர்ற. நீ கேக்கறதுக்குள்ள ரெண்டு இட்லியாவது உள்ள போயிடணும்னு எனக்கு ஒரு வெறி. வாயை இறுக்கி மூடிக்குவா. நான் தாடையைப் பிடிச்சுத் திறந்து, வச்சு, தண்ணி ஊத்தி... ஒருநாள் துப்பிட்டா. கன்னத்துல அடிச்சுட்டேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அடிச்சதுக்குக்கூட அழலம்மா அவ. குடுங்க, சாப்டுறேன்னு வாயைத் திறந்தா. நான் உன்கிட்ட ரெண்டு இட்லின்னு சொன்னதெல்லாம் பொய் இல்ல. சாப்ட்டா. நான் உன்கிட்ட சொல்லணுமேன்னு சாப்ட்டா."

அந்த நாட்களில் ரெண்டு இட்லி என்று கேட்டதும் நான் போனில் என்ன சொல்வேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "சூப்பர்ப்பா, நாளைக்கு மூணு ஆக்கிடலாம்" என்பேன். சிரித்துக்கொண்டே சொல்வேன். அன்பாகத்தான் சொன்னேன். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் மற்றவர் மேல் அன்பு குறைவாக இல்லை. அந்த அன்பு அத்தனையும் கடைசியில் அம்மாவின் தாடையில் போய் முடிந்திருக்கிறது. அப்பாவைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

"சோத்துல கை வச்சா அவ மூஞ்சி வருது," என்றார். "பன்னுன்னா பிசைய வேணாம்."

அன்று அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை. எங்களோடு வாங்கப்பா என்று மட்டும் இன்னொரு முறை கூப்பிட்டேன். "அங்க வந்தா நீ தட்டோட எதிர்ல உக்காந்துப்ப," என்றார். உண்மைதான், உட்கார்ந்துகொள்வேன். தட்டில் பிசைந்து வைத்த சோற்றை நானே எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு, டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன். வண்டலூர் பாலத்துக்குக் கீழே ஸ்கூட்டரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுது தீர்த்தேன்.

அதன்பிறகும் ஆறரைக்குப் போன் செய்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. அது இல்லாமல் தமிழில் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டேன். தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்டேன். இடுப்பு வலி எப்படி இருக்கிறது, கொசு எப்படி இருக்கிறது. அவரும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாகப் பதில் சொல்வார். பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. சமையலைப் பற்றி அவரும் சொல்வதில்லை. சாம்பார், வத்தக்குழம்பு எல்லாம் நின்றுவிட்டன. அவர் இன்னும் இளைத்திருப்பது போகும்போதெல்லாம் தெரிகிறது. அலுவலகத்திலும் இப்போது நான் யார் டப்பாவையும் எட்டிப் பார்ப்பதில்லை. உடம்பு சரியில்லையா என்று பக்கத்து இருக்கைக்காரன் கேட்டான்.

போன வாரம் மழையையும் கொசுவையும் பேசி முடித்துப் போனை வைக்கப் போனேன். அப்பா வைக்கவில்லை.

"ஏம்மா, இப்பல்லாம் சாப்ட்டீங்களான்னு கேக்கறதே இல்ல நீ?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கேளும்மா," என்றார். "யாரும் கேக்கறதில்ல இப்ப."

தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் பைக்கில் வந்தவன் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

"சாப்ட்டீங்களாப்பா?"

அந்தப் பக்கம் மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டது. அது போய் முடிந்தது.

"இல்லம்மா," என்றார்.

"சரிப்பா," என்றேன்.