பனிக் கண்ணாடியில் ஒரு சொல்

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையிலுள்ள தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் முதலாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியன் நான். மாணவி கயல்விழிக்குப் பாடநூலில் ஓரெழுத்தும் வாசிக்க வரவில்லை. அவளை வேறு பள்ளியின் சிறப்பு வகுப்பில் சேர்க்கச் சொல்லவே அன்று அவள் தாயை வரவழைத்திருந்தேன்.

குளிரில் சன்னற்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது. கயல்விழி அதில் விரலால் 'அம்மா' என்று பெரிதாக எழுதி வாசித்தாள். வியந்து, நான் 'மலை' என்றெழுதினேன். அதன்மீதும் விரலோட்டி வாசித்தாள்.

"புக்குல ஏம்மா வரல?"

"அதுல குட்டியா இருக்கு சார். இதுல விரல் போகுதுலா."

விரல் துடைத்த எழுத்துகளினூடே, படியேறி வரும் தாய் தெரிந்தார். கதவைத் திறந்தேன்.

"கூப்பிட்டீங்களாமே சார், சேட்டை பண்ணுதா?"

"இல்லம்மா. உங்க பிள்ளை படிக்கிறதக் கேளுங்க."

இப்போது புதுச்சொல்லை எல்லாரும் கண்ணாடியில் விரலால் எழுதிய பின்னரே நூலைத் திறக்கிறோம். வெயில் நாள்களுக்கென மேசையில் மாவு பரப்பிய தட்டு வைத்திருக்கிறேன்.