றப்பர் அடைப்பான்

என் மேசை லாச்சியில் பெருவிரல் பருமனில் ஒரு றப்பர் அடைப்பான் கிடக்கிறது. பழைய செருப்பில் வெட்டியது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று சாய்ந்தமருதிலிருந்து என்னுடைய மீன் லொறிகள் நான்கு ஓடுகின்றன. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இந்த அடைப்பானைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை வருசமாக வாய் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஐந்து பேர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி அம்பாறைச் சந்தைக்கு மீன் கொண்டுபோவோம். நான் முன்னால். கடைசியில் வருபவர் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த நானா. ஐஸ் உருகி வடியும் மீன் தண்ணீர் தார் றோட்டில் விழுந்தால் பின்னால் வருபவனின் டயர் நிற்காது. அதனால் ஐந்து பெட்டிகளின் துளைக்கும் அவரே அடைப்பான் வெட்டிப் பூட்டியிருந்தார். புறப்படுமுன் ஒவ்வொன்றையும் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். சம்மாந்துறை தாண்டியதும் எல்லோரும் வயலோரம் நிறுத்தித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இடையில் யாரும் முந்தவும் கூடாது, துரத்தவும் கூடாது. "உன்ட பெட்டி உனக்குத் தெரியாது, பின்னால வாறவனுக்குத்தான் தெரியும்" என்பார்.

எனக்கு அந்த நிறுத்தம் பிடிக்காது. முதலில் போகிறவனுக்குத்தானே விலை.

"மச்சான், நீங்க மீன் யாவாரியா, றோட்டு ஓவசியரா?"

"ஓவசியர்தான்டா. நீ முழுசாத் திரும்பி வந்தாத்தானே என்ட தங்கச்சி சிரிப்பா."

ஒருநாள் பாரை மீன் வலையில் நிறையப் பட்டிருந்தது. பெட்டி கனத்தது. நிறுத்தாமலே தண்ணீர் வடியட்டும் என்று, சம்மாந்துறை வருமுன்பே வேகத்தைக் குறைத்து, கையைப் பின்னால் விட்டு, அடைப்பானைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு அக்சிலேட்டரை முறுக்கினேன். மச்சான் மற்ற மூவரையும் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அதைப் பொறுக்கிக்கொண்டு, தன் சட்டத்தைத் தானே மீறி என்னைத் துரத்தினார். ஹோன் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்கால் பாலத்து வளைவில், என் பெட்டித் தண்ணீரில்தான் அவர் சறுக்கி விழுந்தார்.

அன்று சந்தையில் நான்தான் முதலில் விற்று முடித்தேன்.

இனி அவருடைய வலது கால் மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாய் குறுக்கே பாய்ந்தது என்று நான் வீட்டாரிடம் சொன்னேன். உண்மை தெரிந்த மூவரும் மச்சானின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. அவர்களும் திறக்கவில்லை. எல்லோரும் போனபிறகு தலையணைக்கடியில் இருந்த அடைப்பானை எடுத்து என் கையில் வைத்தார்.

"உங்கட சாமான், முதலாளி. பத்திரமா வெச்சிக்கோங்க."

அதுவரை நீ, டா என்று கதைத்தவர். மௌத்தாகிக் கண்மூடும்வரை என்னை வேறுவிதமாக அழைக்கவே இல்லை. பெருநாளைக்கு ஒரே சஹன் தட்டில் சோறு தின்னும்போதும், "இறைச்சி வைங்க, முதலாளி" என்பார். என் மனைவி அதை மரியாதை என்று நினைத்துச் சந்தோசப்பட்டாள்.

இப்போது ஒவ்வொரு காலையும் நானே போய் நான்கு லொறிகளின் அடைப்பானையும் பெருவிரலால் அமத்திப் பார்க்கிறேன். "நாங்க பார்த்திட்டம், முதலாளி" என்று றைவர்மார் சிரிக்கிறார்கள். கல்முனைச் சந்தை முழுக்க எனக்கு அதுதான் பெயர். லாச்சியைத் திறந்தால் இந்த றப்பர் துண்டு கையில் படுகிறது. அந்தப் பெயரை எனக்கு முதன்முதலில் வைத்தவர் மச்சான்தான். அப்போது என்னிடம் இருந்தது ஒரேயொரு மோட்டார் சைக்கிள்.