சட்டக்கடை வாசலில் ஒரு ஜீப்ரா கோடு

என் அக்காவின் வேலை சாலையைக் கடப்பது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால், யார் கேட்டாலும் "போலீஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். போக்குவரத்துப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். அதில் ஆறு வருடமாகச் சீருடை இல்லாமல், சாதாரண உடுப்பில், தோளில் ஒரு துணிப்பையோடு ஜீப்ரா கோடுகளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தாள்.

நடந்து போகிறவர்களுக்கு வண்டிகள் நிற்கின்றனவா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. கோட்டுக்கு நாற்பது மீட்டர் முன்னால், ஓரமாக ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைப்பார்கள். வண்டி அந்தக் கூம்பைத் தாண்டுவதற்கு முன்பே அக்கா கோட்டில் கால் வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஓட்டியவருக்கு நிறுத்துவதற்கு அவகாசம் இருந்தது என்று சொல்லலாம். தாண்டிய பிறகு வைத்தால் அந்த நடை கணக்கில் சேராது. நிற்காமல் போனவர்களை அடுத்த திருப்பத்தில் சீருடைக்காரர்கள் மடக்குவார்கள்.

ஒரு நாளைக்கு நூறு நடைக்குக் குறையாது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை அமிழ்த்திக்கொண்டு உட்காருவாள். வீட்டில் நானும் அவளும்தான். அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "நாள் முழுக்க நடந்துட்டு வந்து, இன்னொருத்தர் பின்னாடி நடக்க எனக்குக் காலில்ல" என்பாள்.

அந்த வருடம் அவளைத் தபால் நிலையச் சாலையில் போட்டார்கள். அங்கே கோட்டுக்குப் பக்கத்திலேயே, படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், மனைவியை இழந்தவர். காதில் எப்போதும் ஒரு பென்சில். தன் கடை வாசலில் ஒரு பெண் காலையிலிருந்து மாலை வரை குறுக்கும் நெடுக்குமாக நடப்பதை மூன்று நாள் பார்த்திருக்கிறார். நான்காம் நாள் ஒரு முக்காலியும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையாவது தேடுகிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாராம். உண்மையைச் சொல்ல முடியாது. நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதாக அக்கா சமாளித்தாள். அதற்குப் பூங்கா இருக்கிறதே என்று அவர் சொல்லவில்லை. மனசு சரியில்லாதவள் என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் கூட்ட நேரத்தில் அளவுகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் கூடவே சாலையைக் கடக்க ஆரம்பித்தார்.

அந்தக் கோலைப் பார்த்து எல்லா வண்டியும் நின்றுவிட்டது. அன்றைய கணக்கு மொத்தமும் பாழ். வேறு வழியில்லாமல் அக்கா அவரைக் கடைக்குள் கூப்பிட்டு அடையாள அட்டையைக் காட்டினாள். அவர் முகம் சிவந்து, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்போ ரெண்டு பேருக்கும் சட்டம்தான் பொழப்பு. நீங்க ஆளை மாட்டுறீங்க, நான் படத்தை மாட்டுறேன்."

அக்கா வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போதே சிரிப்பு தாங்காமல் புரையேறியது. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது. அதன் பிறகு ஓய்வு நேரத்தில் அவருடைய முக்காலியில்தான் உட்கார்ந்தாள். வீட்டில் மூலையில் கிடந்த எங்கள் அம்மாவின் படத்துக்குத் திடீரென்று புதுச் சட்டம் தேவைப்பட்டது.

இரண்டு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோதுதான் சிக்கல் வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் இறங்கியபோது பத்தில் ஆறு வண்டி நின்றிருந்தது. கடைப்பக்கத்திலிருந்து இறங்கியபோது மூன்றுகூட இல்லை. சாலைப் பிரிவிலிருந்து ஒரு பெண் பொறியாளர் அளவுநாடாவோடு வந்து அளந்தார். கோட்டுக்கு முன்னால் குறிப்பிட்ட தூரத்துக்கு எந்த வண்டியையும் நிறுத்திவைக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி வருவதற்கு முன்பே சட்டக்கடை வாசலில் இரண்டு வண்டி நிற்க இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடம் கோடு வரைக்கும் வந்து முட்டியது. அங்கே நிற்கும் வேன் நடப்பவரை மறைக்கிறது. இரண்டு இடத்தையும் எடுக்க வேண்டும் என்று அறிக்கை எழுதி, கணக்கெடுத்தவர் என்ற முறையில் அக்காவின் கையெழுத்தைக் கேட்டார்கள்.

ஆளுயரப் படங்களைச் சுமந்து வருகிறவர்களுக்கு அந்த வாசல்தான் வசதி. அது அக்காவுக்குத் தெரியாதா? அன்றைக்கே கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

கடை வாசல் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டிய அன்று நான் அங்கே இருந்தேன். அக்காவை அழைத்துப் போக வந்திருந்தேன். கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க," என்றாள் அக்கா. "நானும் உங்க பேச்சைக் கேட்டிருப்பேன். அந்த பயத்துலதான் சொல்லல."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாளே ஆட்சேபக் கடிதம் கொடுத்ததாகக் கேள்விப்பட்டோம். முக்காலி வெளியே வரவில்லை. அக்கா பத்து நாள் சுவரில் சாய்ந்தபடியே ஓய்வெடுத்தாள்.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவளே போய்க் கடைக் கதவைத் தட்டினாள். ஐந்து நிமிடம் காரில் வாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றாள். கார் என்னுடையது. ஓட்டியதும் நான்தான். அவர் என் பக்கத்தில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தெருக்கோடியில் திரும்பி, கடையை நோக்கி மெதுவாக வந்தோம். வாசலில் வழக்கம்போல ஒரு வேன் நின்றது. அக்கா கோட்டுக்கு அருகில் நிற்பேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். நாங்கள் இருவரும் அவளைத்தான் தேடிக்கொண்டு வந்தோம். நடைபாதை, வேன், கடைப் பலகை, எல்லாம் தெரிந்தது. அவள் தெரியவில்லை. வேனின் முன்பக்கம் வந்த பிறகுதான், இரண்டடி தூரத்தில், துணிப்பையை அணைத்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் அவள் நிற்பது தெரிந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். அவர் காலும் தரையை அழுத்தியது. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது.

அவர் என்னிடம்தான் சொன்னார். "நிக்கிறாங்கன்னு தெரிஞ்சே தேடினேன். அப்பவும் கண்ணுக்கு ஆம்படலம்மா. தினம் இப்படித்தான் எறங்கியிருக்காங்க."

இறங்கிப்போய் அக்காவின் முன்னால் நின்றார். என்ன பேசினார்கள் என்று காருக்குள் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த பையை அவர் வாங்கிக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

ஆட்சேபக் கடிதத்தை வாபஸ் வாங்கினார். வண்டிகள் நின்ற இடத்தில் நடைபாதையை அகலப்படுத்தி, சாலைப் பக்கமாக நீட்டினார்கள். நடப்பவர் முன்கூட்டியே கண்ணில் படுவார். கடக்க வேண்டிய தூரமும் குறைந்தது. வாடிக்கையாளர்களில் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். மற்றவர்களுக்காக அவரே பக்கத்துத் தெரு வரைக்கும் படங்களைச் சுமந்துபோய் வண்டியில் ஏற்றினார். முதுகு வலிக்கிறது என்று இன்றைக்கும் அக்காவிடம் புகார் சொல்கிறார். அடுத்த கணக்கெடுப்பில் அந்தப் பக்கம் பத்தில் ஏழு வண்டி நின்றது. மீதி மூன்றை நினைத்து அக்கா உர்ரென்றுதான் இருந்தாள்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அலுவலகம் நேர் எதிரே தெரிந்தது. சாலையும் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அங்கே ஜீப்ரா கோடு இல்லை. அக்கா நல்ல உடுப்போடு எங்களை அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த சிக்னல் வரைக்கும் கூட்டிப்போய், பச்சை விழும்வரை நிறுத்திவைத்து, கடந்து, மறுபடி அரை கிலோமீட்டர் நடத்திக் கூட்டிவந்தாள். வழி நெடுக அத்தான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பதிவாளர் தாமதத்துக்குக் கடிந்துகொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.