விசாரிக்க ஆளில்லாத துறைமுகம்

படகு கரையை நெருங்கியதும், முன்பின் தெரியாத ஒரு ஆள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தார். நாங்கள் எறிந்த கயிற்றைப் பிடித்து இழுத்து இரும்புக் கொக்கியில் கட்டினார். ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொன்னார். திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நீ யார், எந்த ஊர், எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கள் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் வெளியூர்ப் படகு ஒன்று கரையேறினால், கயிற்றைத் தொடுவதற்கு முன்பே நாலு பேர் கேட்டுவிடுவார்கள்: யாரு, எந்தக் குப்பம், யாரு மவன். அப்புறம்தான் கை கொடுப்பார்கள். கேட்காமல் உதவி செய்கிறவனை நம்பலாமா? முப்பது வருஷமாகப் பிரான்ஸில் இருக்கிறேன், இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது.

இடம் கோர்ஸிகா. பிரான்ஸுக்குத் தெற்கே, கடலுக்கு நடுவில் மலையும் காடுமாக நிற்கிற தீவு. அதன் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். அங்கே வழிப்போக்குப் படகுகள் தங்குவதற்கென்று தனியாக ஒரு மிதக்கும் பாலம் போட்டிருக்கிறார்கள். பொந்தோன் என்று பெயர். காற்று எதிராக வீசினால் இப்படி ஒதுங்கித் தங்குவதை எஸ்கால் என்கிறார்கள். தங்குகிற நாளில் சும்மா உட்கார மாட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்கும் காட்டுக்கும் கிளம்பிவிடுவார்கள். கடலில் வந்தவனுக்கு மலையில் என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான் ஊர் சுற்ற வரவில்லை. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தவன்.

என் மகள் இந்து, ழூலியன் என்ற பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். பையனுடைய அப்பா ஆந்துவானிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. ஒரு வாரம் எங்களோடு வாருங்கள், பழகிப் பாருங்கள் என்று அவர் கூப்பிட்டார். என் மனைவி புவனாவுக்குக் கடல் என்றாலே குடல் புரளும்; நான் மட்டும் போனேன். கிளம்புவதற்கு முன்னால் இந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ வந்து பாருப்பா. உனுக்கு வேணாம்னு பட்டுதுன்னா சொல்லிடு, நான் உட்டுடறேன்” என்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். இப்படிச் சொன்னதும் கை கால் கட்டிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. புவனாவோ தினமும் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டாள்: “விசாரிச்சீங்களா, இல்லியா?”

விசாரிப்பது என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெண் கொடுப்பதற்கு முன்னால், பையன் வீட்டுக்குத் தெரியாமல் அவன் தெருவுக்குப் போவோம். டீக்கடையில் உட்காருவோம், சலவைக்காரரிடம் பேச்சுக் கொடுப்போம், எதிர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்போம். என்னையும் அப்படித்தான் விசாரித்தார்கள். நான் மூலக்குளத்து மில் தொழிலாளியின் மகன். புவனா வீடு சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய வீடு. அவள் சித்தப்பா எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் வந்து கேட்டபோது, பையன் சிகரெட்டைக் கையால்கூடத் தொட மாட்டான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். எனக்குத் தினமும் சிகரெட் விற்றவர் அவர்தான். நல்லதை இப்படி வாய் நிறையச் சொல்வார்கள். கெட்டதை யாரும் வாயால் சொல்வதில்லை. ‘நமக்கு அவ்வளவா பழக்கமில்லீங்க’ என்பார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் அங்கே டீகூடக் குடிக்கக் கூடாது, எழுந்து வந்துவிட வேண்டும்.

படகில் வந்த நாட்களில் எனக்குச் சந்தேகம் மேல் சந்தேகமாக வந்தது. முதலாவது, ஆந்துவான் ஒயின் குடிக்கவில்லை. கூட வந்த இந்துவும் ழூலியனும் குடித்தார்கள், எனக்கும் ஊற்றினார், தனக்கு மட்டும் தண்ணீர். பிரெஞ்சுக்காரன் சாப்பாட்டில் ஒயினைத் தொடவில்லையென்றால் உடம்பில் ஏதோ பெரிய வியாதி இருக்க வேண்டும், அது பையனுக்கும் வரும். இரண்டாவது, அவர் மனைவி பற்றிப் பேச்சே இல்லை. பிரிந்துவிட்டார்கள் என்று இந்து சொல்லியிருந்தாள். ஏன் என்று கேட்டால், அது அவங்க விஷயம்ப்பா என்று முடித்துவிட்டாள். மூன்றாவது, அந்தத் துறைமுகத்துக்கு நேர் மேலே மலையில் தெரிந்த கிராமம்தான் ஆந்துவான் பிறந்த ஊர். ஆனாலும் அங்கே போகலாம் என்று அவர் சொல்லவில்லை. காட்டுக்குப் போகலாம் என்றுதான் சொன்னார். சொந்த ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவனாவது காட்டுக்குப் போவானா?

பக்கத்துப் படகுக்காரர்களை விசாரிக்கலாமென்றால் அவர்கள் நேற்று வந்தவர்கள், நாளை போகிறவர்கள். அந்தப் பொந்தோனில் எல்லோரும் விருந்தாளிகள். வீட்டுக்காரன் என்று ஒருவனும் இல்லை. காலையில் நான் மட்டும் எழுந்து துறைமுகத்துக்கு எதிரிலிருந்த காப்பிக் கடைக்குப் போனேன். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கடைக்காரர் ஆந்துவானைத் தோளில் தட்டிப் பேசியதை நான் பார்த்திருந்தேன். காப்பி வாங்கிக்கொண்டு, போனில் ழூலியன் படத்தைக் காட்டி, இந்தப் பையனையும் அவன் அப்பாவையும் தெரியுமா, எப்படிப்பட்ட குடும்பம் என்று என் பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘கொனே பா’ என்றார். தெரியாது. பக்கத்தில் மீன் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் காட்டினேன். அவரும் ‘கொனே பா’ என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். தோளில் தட்டிப் பேசியவனே தெரியாது என்கிறான். இதைவிடத் தெளிவாக ஒரு ஊர் எப்படிச் சொல்லும்? காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அப்போதே இந்துவிடம் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் ஆந்துவான் பையோடு தயாராக நின்றார். பிள்ளைகள் பாயில் கிழிசல் தைக்க வேண்டும் என்று படகிலேயே இருந்துவிட்டார்கள். எங்கள் இருவரையும் தனியாக அனுப்ப மூன்று பேருமாகப் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். சரி, வருவது வரட்டும் என்று நடந்தேன்.

மலை என்றால் எனக்கு, பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப் போன செஞ்சிக் கோட்டைதான். காடு என்றால் கடலோரச் சவுக்குத் தோப்பு. அதில் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். இது அப்படியில்லை. முதலில் முட்புதர்கள், இடுப்பளவுக்கு, நசுக்கினால் மருந்து வாசனை. அதைத் தாண்டினால் செஸ்நட் மரங்கள், கிழடு தட்டி, உள்ளே ஆள் புகுந்துகொள்ளும் அளவுக்குப் பொந்து விழுந்தவை. அதற்கடியில் கறுப்புப் பன்றிகள் கேட்பாரில்லாமல் திரிந்தன. இன்னும் மேலே பைன் மரங்கள், நேராக, நிழலாக, பேச்சுச் சத்தமே இல்லாமல். அந்த அமைதியில் எனக்கு நிம்மதி வரவில்லை. யாருமில்லாத இடத்தில் ஒருவர் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்றால் காரணம் இருக்க வேண்டும். ஒரு பாறையில் உட்கார்ந்ததும் அவர் பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்தார். உண்மையைச் சொல்கிறேன், நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் ரொட்டியை வெட்டி என் பக்கம் நீட்டினார்.

பிறகு, நீங்கள் போலீஸா என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். காப்பிக் கடைக்காரர் அவருக்குப் போன் செய்திருக்கிறார்: ஒரு இந்தியன் உன் மகன் படத்தை வைத்துக்கொண்டு அலைகிறான், நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, நீ ஜாக்கிரதையாக இரு என்று. வெளியாள் வந்து நம் ஆளைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்பதுதான் இங்கே வழக்கமாம். அதுதான் அந்த ஆளுக்கு ஊர் செய்கிற மரியாதையாம். எங்கள் ஊரில் பெண்ணைக் கொடுக்காதே என்று அர்த்தமாகிற பதிலை, இவர்கள் உயிர் நண்பனுக்காகச் சொல்கிறார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. வேறு வழியில்லாமல் விசாரிக்கிற வழக்கத்தைப் பற்றி அவருக்கு விளக்கினேன். டீக்கடை, சலவைக்காரர், எதிர் வீடு எல்லாம் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் தங்கை அமுதாவைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவளைத் தவளக்குப்பத்தில் கொடுத்தோம். நானும் அப்பாவும் அந்தத் தெருவையே சல்லடை போட்டுச் சலித்தோம். கேட்ட இடத்திலெல்லாம் தங்கமான பையன், தங்கமான குடும்பம் என்றார்கள். கல்யாணம் ஆகி ஒரு தீபாவளிகூட ஒழுங்காகக் கொண்டாடவில்லை. குடித்துவிட்டு வந்து அடிப்பான். ஒருநாள் ஒரு பெட்டியோடு மூலக்குளத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அவன் குடிப்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூடிவருகிற நேரத்தில் நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று எல்லோரும் நல்லதையே சொல்லியிருக்கிறார்கள். அவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆந்துவான் கத்தியை மடக்கிப் பாக்கெட்டில் போட்டார்.

“அப்படியென்றால் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்” என்றார். “நான் குடிகாரன். இப்போது குடிப்பதில்லை, ஆனால் குடிகாரன்தான். என் மனைவி என்னை விட்டுப் போனதற்கு அதுதான் காரணம். அவள் செய்தது சரி. மேலே அந்த ஊரில் என் அண்ணன் இருக்கிறான். நான் போனால் கதவைத் திறக்க மாட்டான். அதனால்தான் போகவில்லை.”

குடிகாரன் என்ற சொல்லை எங்கள் குடும்பத்தில் யாரும் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. பையன் எப்படி என்று கேட்டேன். அவன் அப்படி இல்லை, அவனுக்கு நான் பொறுப்பு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பெற்றவன் அதைத்தானே சொல்வான்.

“எனக்குத் தெரியாது” என்றார். “இதுவரை நல்லவனாக இருக்கிறான். நாளைக்கு எப்படி இருப்பான் என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அவள்தான் பார்க்க வேண்டும்.”

இறங்கி வரும்போது எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. இந்துவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னிடம் மறைத்திருக்கிறாள். அதோடு, இப்படி எல்லாவற்றையும் கொட்டுகிறவரை எதற்காக நம்புவது? உண்மையைச் சொல்லியே ஆளைக் கவிழ்க்கிறவர்களும் உண்டு. முள் குத்திய இடமெல்லாம் எரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு வளைவில் நினைப்பேன், அடுத்த வளைவில் மனசு மாறிவிடும். சரிவில் நான் தடுக்கியபோதெல்லாம் அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். நானும் பிடித்துக்கொண்டேன்.

துறைமுகத்துக்கு வந்ததும் அவரைப் படகுக்கு அனுப்பிவிட்டு, பொந்தோன் முனையில் நின்று போனை எடுத்தேன். புவனாவைக் கூப்பிடத்தான் எடுத்தேன். கூப்பிட்டது அமுதாவை. நெல்லித்தோப்புத் துணிக்கடையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“பையன் நல்லவன்னு யாருமே சொல்லலியாண்ணா?” என்றாள் கடைசியில்.

“ஒருத்தரும் சொல்லல. பெத்த அப்பனே சொல்லல.”

“குடிச்சத அந்தாளே சொன்னாரா? அவரு வாயாலயே?”

“ஆமா.”

அடுத்து வந்தது அழுத குரல்.

“எனுக்கு ஒருத்தர் அப்பிடி சொல்லியிருந்தா போதும்ணா. குடுத்துடு. அவ பொழச்சிப்பா.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு அவசரமாக, “ஆனா இத நம்மூர்ல யார்கிட்டயும் சொல்லிடாத, அண்ணிகிட்ட கூட வேணாம். யாரு கேட்டாலும் தங்கமான குடும்பம்னே சொல்லு. நானும் அப்பிடியே சொல்லிடறேன்” என்றாள்.

சொன்னது அமுதா. தவளக்குப்பத்திலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்த அதே அமுதா. அவளை நான் திட்டியிருக்க வேண்டும். இந்து படகிலிருந்து இறங்கி என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள், என் முகத்தையே பார்த்தபடி.

“சரிம்மா, தங்கமான குடும்பம்னே சொல்லிடறேன்” என்று போனில் சொன்னேன். போனை இறக்கி, எதிரே வந்து நின்ற மகளிடம், “அவங்கப்பாரு எல்லாத்தயும் சொல்லிட்டாரு. பண்ணிக்க” என்றேன். இரண்டுக்கும் நடுவே நான் மூச்சுகூட விடவில்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டபோது எங்கள் இரண்டு பேர் கனத்திலும் பொந்தோன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. எந்தப் பக்கம் காலை ஊன்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.