கூழில் விழுந்த கருப்பட்டி

பட்டாபிராமில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் அம்மாவுக்குக் குறை. அப்பாவுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்து, திருநெல்வேலிப் பக்கமிருந்து நாங்கள் குடிவந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தெருவில் எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். விசேஷ வீட்டுக்குப் போனால் மற்றப் பெண்கள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி யார் தலையையோ உருட்டிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு மட்டும், "நீங்க உக்காருங்க மேடம்" என்று ஃபேனுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் ஏகப் பெருமை. அம்மாவோ வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "ரேஷன் கார்டு மாத்தியாச்சு, ஓட்டு மாத்தியாச்சு, இன்னும் விருந்தாளியாவே வச்சிருக்காவளே" என்று பாத்திரங்களிடம் முறையிடுவாள்.

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொண்டுபோய்க் கோயில் அண்டாவில் ஊற்ற வேண்டும். பிறகு அதிலிருந்து தெரு முழுவதற்கும் கருவாட்டுக் குழம்போடு கொடுப்பார்கள். எங்களை யாரும் காய்ச்சச் சொன்னதில்லை. கூழ் மட்டும் தூக்குச்சட்டியில் வீடு தேடி வரும். அதைக் குடித்துவிட்டு அம்மா, "பாவம், இனிப்புப் போட மறந்துட்டாவ" என்று வருஷா வருஷம் இரக்கப்படுவாள்.

அந்த வருஷம் அவள் யாருடைய அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. பெரிய தவலை நிறையக் கூழ் காய்ச்சினாள். ஊரிலிருந்து பெரியம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி, எனக்கே கிள்ளித் தராமல் ஒளித்து வைத்திருந்தது, அத்தனையையும் தட்டிப் போட்டாள். அப்பாவும் அவளுமாகத் தூக்கிப்போய் அண்டாவில் கவிழ்த்தார்கள்.

அண்டாவுக்குப் பொறுப்பு மாவு மில் அத்தை. கலக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தவள் அலறினாள்.

"எவமே இதுல வெல்லத்தக் கொட்னது?"

அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"இன்னாமே வேல பண்ணிக்கீற? பாயாசத்துக்குக் கருவாட்டுக் கொழம்ப தொட்டுக்கினு துன்னச் சொல்றியா? மூணு வர்சமா இந்தத் தெருவுல கீற, ஊட்டாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பா முகம் சிவந்து, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று அம்மா கையைப் பிடித்தார். அத்தை அந்தக் கையில் கரண்டியைத் திணித்தாள்.

"எங்க போற? நீயே ஊத்து. வர்ற திட்டெல்லாம் நீயே வாங்கிக்க."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டா முன்னால் நின்றாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள், ஒரு பாட்டம் திட்டினார்கள். "யக்கா, கூழு குடிக்க வந்தவனுக்கு சுகர் ஏத்தி அனுப்புறியே!" என்றார் ஆட்டோக்கார அண்ணன். பொடிசுகள் மட்டும் திரும்பத் திரும்ப வரிசையில் நின்றன. நான் கோயில் தூணுக்குப் பின்னால் நின்று, அம்மாவை இப்படிப் பந்தாடுகிறார்களே என்று அழுதேன். எனக்கு மனசு ஆறவே இல்லை.

சாயங்காலம் முழங்கை வரை கூழோடு வந்தவள், கையைக்கூடக் கழுவாமல் பெரியம்மாவுக்கு போன் போட்டாள்.

"யக்கா, இன்னிக்கு என்ன ஏச்சு ஏசிட்டாவ தெரியுமா! தெருவே கூடி நின்னு ஏசுதாவக்கா!"

ஒவ்வொருவர் திட்டையும் அவரவர் குரலில், ஒரு சொல் விடாமல் பெரியம்மாவுக்குப் பேசிக் காட்டினாள். சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. மெல்ல நழுவி வாசலுக்குப் போய், அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா பாவம்ப்பா. நாம ஊருக்கே போயிடலாம்."