மனைவி வீட்டில் இருமல்

முதலில் வந்தது இருமல். சுனாமிக்குப் பிறகு வீட்டு வளவைத் துப்புரவாக்கிய தூசி என்றுதான் நினைத்தேன். துப்பியதில் இரத்தத்தைக் கண்ட அன்று, மனைவி வதனி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

சளியைச் சோதித்த டொக்டர், காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய்) என்றார். "பயப்படாதீங்க. குளிசைய விடாம எடுத்தா முழுசாச் சுகமாகும். காத்தோட்டமான இடத்தில படுங்க."

என் பயம் கிருமியைப் பற்றியதல்ல. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆரையம்பதி வீடு வதனியின் சீதனம். நான் பிறந்த பழுகாமத்து வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது. உழைக்கும்வரை நான் மருமகன். படுத்துவிட்டால்?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் சகலன் குகன், வதனியின் தங்கை புருசன். அவர்களுடைய வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. நான் தனியறையில் கிடக்க, அவன் வேலி அடைத்தான், கூரை வேய்ந்தான், உப்பேறிய கிணற்றை இறைத்தான். "மருமகன், இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டா?" என்று மாமி, வதனியின் அம்மா, அவனைக் கேட்பது சுவர் தாண்டி வரும். அது என்னைக் கேட்ட கேள்வியல்லவா! குளிசையால் வந்த எரிச்சல் வேறு, இது வேறு. அவன் சிரித்தாலே எனக்கு இருமல் வந்தது.

ஒருநாள் குகன் என் கட்டிலைத் தூக்கி விறாந்தையில் போட்டான். "இஞ்ச காத்து நல்லா வரும் அண்ணன்."

இன்று விறாந்தை, நாளை படலைக்கு வெளியே. போகச் சொல்லுமுன் போய்விடுவதுதான் மானம். சாரனையும் குளிசையையும் பையில் போட்டுக்கொண்டு பழுகாமத்துக்குத் தோணி ஏறினேன்.

தங்கச்சி அழுதாள், பாய் விரித்தாள், மீன் பொரித்தாள். அவள் புருசன் குனிந்தபடி தின்றான். அவள் என் சோற்றுக் கோப்பையில் பெரிய துண்டை வைத்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். குகனை நான் பார்ப்பது அப்படித்தான். பாவம், அவனுக்கும் அது மனைவி வீடு.

மறுநாள் குகன் வந்து நின்றான்.

"என்ன வேலை அண்ணன் பார்த்தீங்க? மாமி சோறு தின்னல்ல. நான்தான் உங்களத் துரத்தினனாம். நீங்க வராட்டி நான் எந்த முகத்தோட அந்த வீட்டில இருக்கிற?"

அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும் போக்கிடம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையை அவனே தூக்கினான்.

இதே குளிசையை விழுங்கிக்கொண்டு மாமியார் வீட்டில் கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நோய் மாறிச் சுகம் வரும். எனக்கு மாறியது. நாட்டுச் சண்டையும் முடிந்தது. குகன் குடும்பம் புது வீட்டுக்குப் போய்விட்டது. என் நெஞ்சில் தழும்பு இருக்கிறது. மூச்சை முழுதாக இழுத்தால் இடப்பக்கம் ஓரிடம் விரிவதில்லை. குகன் வந்திருக்கும் நாளில் மாமி குசினி அடுப்படியிலிருந்து "மருமகன்" என்று கூப்பிட்டால், இன்றைக்கும் முதலில் இறுகுவது அந்த இடந்தான். நானும் குகனும் ஒன்றாக எழும்புகிறோம்.