எழுநூறு கிலோமீட்டர், யாருக்கும் தெரியாமல்

சைக்கிள் ஓட்டச் சொன்னது டாக்டர். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "வாக்கிங் போறீங்களா?" என்று கேட்டார். முட்டி வலிக்கிறது என்றேன். "அப்ப சைக்கிள் ஓட்டுங்க. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீங்கன்னு மூணு மாசம் கழிச்சு போன்ல காட்டணும். வாயால சொல்லக் கூடாது" என்றார். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! வாயால் சொல்லலாம் என்றால் நான் தினமும் கடலூர் வரைக்கும் போய் வந்திருப்பேன்.

தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கீப்பர். வீடு ரெட்டியார்பாளையத்தில். எங்கள் கம்பெனி எலெக்ட்ரீஷியன் பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மற்றவர்கள் கறிக்கடைக்குப் போகிற நேரத்தில் இவர் சைக்கிளில் மரக்காணம் போய்த் திரும்பியிருப்பார். அவரிடம் என் போனைக் கொடுத்தேன்.

"அண்ணே, இதுக்கு ஆயிரத்தெட்டு ஆப் இருக்குது. உங்களுக்கு என்னா வேணும், அதைச் சொல்லுங்க."

"எத்தனை கிலோமீட்டர்னு சொன்னா போதும்."

"அதை எல்லாமே சொல்லும்ணே" என்று சிரித்தபடி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

முதல் ஆப் பார்க்க நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. பட்டன் கூட அழுத்த வேண்டாம், நாம் கிளம்பினால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். இரண்டாவது வாரம் ஒரு துக்கத்துக்காக விழுப்புரம் வரை பஸ்ஸில் போய் வந்தேன். சாயங்காலம் பார்த்தால் நான் எண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்திருக்கிறேன். பாராட்டி ஒரு பதக்கம் வேறு! இதை டாக்டரிடம் காட்டினால் என்னைப் பிடித்து மண்டையை ஸ்கேன் எடுக்க அனுப்பிவிடுவார்.

இரண்டாவது ஆப் பேசுகிற ஜாதி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு பெண் குரல், இவ்வளவு தூரம், இவ்வளவு வேகம் என்று இங்கிலீஷில் அறிவிக்கும். ஒரு ஞாயிறு காலையில் சைக்கிளில் நேராக எங்கள் மாதா கோயிலுக்கு முதல் பூசைக்குப் போனவன், அதை நிறுத்த மறந்துவிட்டேன். நடுப்பூசையில், எல்லோரும் தலை குனிந்து முழங்காலில் இருக்கும்போது, என் சட்டைப் பையிலிருந்து அந்த அம்மாள் பேச ஆரம்பித்தாள். சாமியாரே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். யாருமே என்னைக் கவனிக்கக் கூடாது என்றுதான் நான் முதல் பூசைக்குப் போவதே. அன்றைக்கே அந்த ஆப்பை அழித்தேன்.

முதல் பூசைக்கு நான் மாறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு 'ஓலை' வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் எல்லோர் முன்னாலும் அறிவிப்பார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இரண்டாவதை வாசித்த அன்று மத்தியானம், நான் சாப்பிட உட்காரும்போது, மகள் வந்து நின்றாள். "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா."

எனக்குக் கோபம் மூக்கு மேலே. "ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இனிமே வேணும், வேணாம்ங்கிற பேச்சே கெடையாது" என்று கத்தினேன்.

"அப்பா, அவரு..." என்று ஆரம்பித்தாள். நான் விடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "ஊரே கேட்ட ஓலை. அது நின்னா எனக்குப் பொண்ணே இல்ல" என்றேன். சொல்லும்போதே நாக்கு சுட்டது. சொல்லிவிட்டேன்.

மகளே சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அந்த ஞாயிறு சாமியார் மற்ற அறிவிப்புகளோடு நிறுத்தியதும் கோயிலே திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தது. பாரீசிலிருக்கும் சொந்தக்காரர்கள் வரை போன் போட்டு விசாரித்தார்கள். மகள் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவோடு தினமும் பேசுவாள். நான் கூடத்துக்கு வந்தால் என் மனைவி போனோடு சமையலறைக்குப் போய்விடுவாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

பேசுகிற ஆப்பை அழித்த வாரம், கீரை ஆய்ந்துகொண்டே என் மனைவி சொன்னாள். "அவளும் அங்க காலைல சைக்கிள்தான் ஓட்டுறாளாம். என்னமோ ஒரு ஆப்பாம், படம் அனுப்புனா." நான் காதில் விழாதது போல் இருந்தேன். அவள் குளிக்கப் போனதும் திருடன் மாதிரி அவள் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு ஏரியைச் சுற்றி ஒரு கோடு, இருபத்திரண்டு கிலோமீட்டர். மூலையில் அந்த ஆப்பின் பெயர்.

மறுநாள் எலெக்ட்ரீஷியனிடம் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். "அண்ணே, அது வேணாம். பேட்டரியை உறிஞ்சிரும். பாதி வசதி பூட்டித்தான் இருக்கும். நான் வச்சிருக்கிறது தங்கம்ணே, அதைப் போட்டுத் தர்றேன்."

"எனக்கு இதுதான் வேணும்."

"ஏன்ணே?"

"வேணும்னா வேணும்."

சாப்பாட்டு இடைவேளையில் நானே உட்கார்ந்து போட்டேன். அது கேள்வியாகக் கேட்டது. வயசு சொன்னேன். எடையில் ஐந்து கிலோ குறைத்துச் சொன்னேன். உங்கள் சவாரிகளை யார் பார்க்கலாம் என்றது. எல்லோருமா, உங்களைப் பின்தொடர்பவர்களா, நீங்கள் மட்டுமா? யோசிக்கவே இல்லை, நான் மட்டும் என்று அழுத்தினேன். இரண்டு வருஷமாக ஊர் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்த கைக்கு வேறு எது வரும்? பிறகு என் மகளின் பெயரைத் தேடி, பின்தொடர அனுமதி கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் சம்மதித்திருந்தாள். அவளும் என்னைப் பின்தொடர்வதாக வந்தது. ஒரு வார்த்தை எழுதவில்லை. அதனால் என்ன! அன்று நான் சைக்கிள் மிதிக்கவில்லை, பறந்தேன்.

அந்த ஆப்பில் ஒவ்வொரு சவாரி முடிந்ததும் அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லும். நாம் வைக்காவிட்டால் 'காலை சவாரி' என்று அதுவே வைத்துக்கொள்ளும். நான் வைத்தேன். நூறடி ரோடு பிடித்து, முருங்கப்பாக்கம் தாண்டி, அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவது என் வழக்கம். போகிற சவாரியைப் பாலத்தில் முடித்து, அங்கேயே நின்று எழுதுவேன். 'ஆத்துல தண்ணி நெறைய.' 'நேத்து அம்மா கொடுவா மீன் குழம்பு வச்சா. உன் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன்.' 'சர்க்கரை கொறஞ்சிருக்கு. டாக்டர் நம்பல.' நேரில் பத்து வருஷத்தில் பேசாததையெல்லாம் அதில் எழுதினேன். அவள் சவாரி ஒவ்வொன்றுக்கும் தவறாமல் ஒரு லைக் போட்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் துணிந்தேன். பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். 'அன்னிக்கி ஏன்னு ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்மேலதான்.' திரும்பி வரும்போது வழியில் யாரைப் பார்த்தாலும் வணக்கம் வைத்தேன்.

பதில் வரவில்லை. அவள் சவாரிகள் மட்டும் தினமும் வந்தன. ஒரு வாரம் பார்த்தேன். பத்து நாள் பார்த்தேன். எனக்கா பொறுமை இருக்கும்? 'பதில் சொன்னா முத்து உதிர்ந்துடுமா?' என்று ஒரு சவாரிக்குப் பெயர் வைத்தேன். மறுநாள், 'கல்லுக்குக் கூட ஈரம் இருக்கும்.' அப்புறம் வெறுத்துப் போய், 'சைக்கிள்' என்று மட்டும் எழுதினேன். உள்ளுக்குள் அவ்வளவு வலித்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, நீங்க சைக்கிளே ஓட்டறதில்லையாமே?"

"என்னாது?"

"பொண்ணு கேக்குறா. உங்க பக்கத்துல ஒண்ணுமே இல்லையாம், பூஜ்யமாம். ஆனா அவ எங்க போறா வர்றான்னு ஒண்ணு விடாம பாக்குறீங்களாம். 'அப்பா என்னை வேவு பாக்கத்தான் இதுல சேந்தாராம்மா, எடுத்துடட்டுமா'ன்னு கேக்குறா."

"ஓட்டலயா? எழுநூறு கிலோமீட்டர்! எழுநூறு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? "இன்னைக்கு ஒரு நாள் பொறுக்கச் சொல்லு, அவசரப்பட வேணாம்னு சொல்லு" என்று கெஞ்சிவிட்டு ஓடினேன். அவள் ஒரு விரலால் என்னை அகற்றிவிட்டால் எனக்கு மீதி எதுவும் இல்லை.

எலெக்ட்ரீஷியன் போனை வாங்கி அங்கே இங்கே தட்டினார். "அண்ணே, எல்லாத்தையும் நீங்களே பூட்டி வச்சிருக்கீங்க. உங்களைத் தவிர ஒரு ஈ காக்கா பாத்திருக்க முடியாது." பட்டியலைத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். சட்டென்று போனைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "நான் ஒண்ணும் படிக்கலண்ணே" என்றார். படித்துவிட்டார். "இந்தப் பட்டனை அழுத்துங்க, பழசு அத்தனையும் உங்க பொண்ணு கண்ணுக்குத் தெரியும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

ஸ்டோரில் மூடிப் பெட்டிகள் மேல் உட்கார்ந்தேன். அழுத்தினால் மன்னிப்பும் தெரியும், முத்து உதிர்ந்ததும் தெரியும். திட்டுகளை மட்டும் மாற்றிவிடலாம் என்று ஒன்றைத் திறந்தேன். மாற்ற மனம் வரவில்லை. இனிக்க இனிக்க எழுதியிருந்தால் அது அப்பா எழுதினதே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இருக்கட்டும் என்று பட்டனை அழுத்தினேன்.

மூன்று மணி வரைக்கும் ஒன்றும் இல்லை. லோடு வந்தது, இறக்கினோம். பிறகு பையில் போன் ஒரு தரம் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் சவாரிக்கு ஒரு லைக். அடுத்ததற்கு ஒன்று. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறாள்! கொடுவா மீனுக்குக் கீழே, 'பாவி அப்பா' என்று எழுதியிருந்தாள். தப்பு என்மேல்தான் என்று எழுதினதற்கு இன்னும் நாலு சவாரி இருந்தது. மூன்று. இரண்டு. அங்கே வந்ததும் நின்றுவிட்டாள். பிறகு அதன் கீழே ஒரே வரி வந்தது.

'இப்பக் கேளுங்கப்பா.'

வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அவள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"ஏம்மா?"

சொன்னாள். முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் பீச்சுக்கு அவனோடு போயிருக்கிறாள். யாரோ கூடப் படித்தவனைப் பார்த்துச் சிரித்தாள் என்று, அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவளைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, இரண்டாவது ஓலை வாசித்த பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறாள். அந்த இரண்டாவது ஓலையின்போது அவள் பெண்கள் வரிசையில் எனக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரை வாசித்ததும் நான் பெருமையோடு அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. கல்யாணப் பெண், வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் விம்மி விம்மி அழுதேன். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை எடுக்காமல் தள்ளி நின்றார்கள்.

"அப்பா, அழாதீங்க" என்றாள். "இன்னும் இருக்கு. மீதியையும் கேளுங்க."